குமரி மாவட்டத்தில் இருண்ட வானம் தேடுவோர் கேட்கும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் நட்சத்திரம் பார்க்க எந்த இடம் நல்ல இருட்டு?

எல்லாத் திசையிலும் இருட்டான இடம் இங்கே கிடைக்காது. 2011 கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த நெரிசல் இந்த மாவட்டத்தில்தான். ஓர் ஊர் முடியும் இடத்தில் அடுத்த ஊரின் தெருவிளக்கு தொடங்கிவிடும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியவை. வடமேற்கில் திருவனந்தபுரம், கிழக்கில் கூடங்குளம்.

அதனால் முதலில் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். அது வானில் எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் வரும் என்று பாருங்கள். அந்தத் திசையில் ஊர் இல்லாத இடத்தைத் தேர்ந்தெடுங்கள். முதுகுப் பக்கம் கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். தெற்கு வேண்டுமென்றால் கடப்புறம். வடக்கும் உச்சியும் வேண்டுமென்றால் மலையோரம். இந்த மாவட்டத்துக்கு இதுதான் கணக்கு.

தெற்கு வானத்தில் அப்படி என்ன இருக்கிறது?

இந்த மாவட்டத்தின் சொத்தே அதுதான். நாம் ஏறத்தாழ 8 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறோம். இந்திய நிலப்பரப்பில் இவ்வளவு தெற்கே நின்று, கடல்வரை மறைப்பே இல்லாமல் தெற்கைப் பார்க்க வேறு இடம் அதிகம் இல்லை. கரைக்கு அப்பால் தெற்கே நகரமே கிடையாது. கப்பல், வள்ளங்களின் விளக்குதான்.

அகத்தியர் நட்சத்திரம் எனப்படும் கானோப்பஸ் இங்கே 29 டிகிரி உயரம் ஏறும். (அகத்தியர் மலை நமக்கு வடக்கே, அவர் பெயரில் உள்ள நட்சத்திரம் தெற்கே!) திரிசங்கு எனப்படும் தென்சிலுவை சுமார் 20 டிகிரி, ஆல்பா சென்டாரி 21 டிகிரி, ஒமேகா சென்டாரி நட்சத்திரக்கொத்து 34 டிகிரி. டெல்லிக்காரர்களுக்குத் திரிசங்கு தொடுவானத்தை உரசுவதோடு சரி. நமக்கு மே மாத நடுவில் இரவு ஒன்பது, ஒன்பதரைக்கு நேர் தெற்கே நிமிர்ந்து நிற்கும்.

பெரிய மெகல்லன் மேகம் இங்கிருந்து தெரியுமா?

மேகம் என்பது பெயர்தான்; அது நம் பால்வீதிக்கு அருகே உள்ள ஒரு சிறு விண்மீன்திரள். தெரிய வாய்ப்பு உண்டு, ஆனால் எல்லா இரவும் தெரியாது. அதிகபட்ச உயரமே 12 டிகிரிதான். அந்த உயரத்தில் கடல் மூட்டமும் உப்புத்துகளும் பாதியைத் தின்றுவிடும். ஜனவரி அமாவாசையை ஒட்டி, இரவு ஒன்பதரை முதல் பதினொன்று வரை முயலுங்கள். தெற்கே கடல் தெரியும் கரையில் நின்று கானோப்பஸைப் பிடியுங்கள். அதற்குக் கீழே, சற்று வலப்பக்கமாக, நீட்டிய கையின் ஒரு சாணுக்குள் மங்கலான வெண்திட்டு தெரிகிறதா என்று பாருங்கள். நேராக உற்றுப் பார்த்தால் மறையும். சற்று விலக்கிப் பார்த்தால் தெரியும். முதலில் 10×50 பைனாகுலரில் கண்டுபிடித்துவிட்டு வெறுங்கண்ணுக்கு வருவது எளிது. மேகத்திட்டா என்ற சந்தேகம் வந்தால் பத்து நிமிடம் காத்திருங்கள். மேகம் நகர்ந்துவிடும், இது நட்சத்திரங்களோடு ஒட்டியே நிற்கும்.

சிறிய மெகல்லன் மேகம் 9 டிகிரிதான் ஏறும். அதை இங்கே எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

கடற்கரையில் எந்தப் பகுதி?

கன்னியாகுமரி ஊர் வேண்டாம். திருவள்ளுவர் சிலை, விவேகானந்தர் பாறை, இரண்டையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம், விடுதிகள் எல்லாம் இரவில் ஒளி வெள்ளம்.

வட்டக்கோட்டைப் பக்கம் பலரும் சொல்வார்கள். கிழக்கும் தென்கிழக்கும் திறந்த கடல், விடியலுக்கு முன் எழும் பால்வீதிக்கு நல்லது. ஆனால் குமரிமுனையின் வெளிச்சம் அங்கிருந்து தெற்கு, தென்மேற்கில் விழும். திரிசங்கு பார்க்கப் போனால் ஏமாற்றம்தான். வடகிழக்கில் கூடங்குளமும் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகளும். கோட்டை தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது, மாலையில் மூடிவிடுவார்கள். கரையில்தான் நிற்க முடியும்.

தெற்கு வானத்துக்குச் சரியானது மணக்குடி முதல் முட்டம் வரையுள்ள கரை: சொத்தவிளை, சங்குத்துறை, கணபதிபுரம் பக்கம். இங்கே நாகர்கோவில் வடக்கே, அதாவது உங்கள் முதுகுக்குப் பின்னால். சுற்றுலாப் பயணிகளுக்காக விளக்குப் போட்ட நுழைவுப் பகுதியிலிருந்து சில நூறு மீட்டர் விலகி, மணல்மேடோ சவுக்குத் தோப்போ ஊரை மறைக்கும் இடமாக நில்லுங்கள்.

முட்டத்தில் பாறைகள் அருமையான மேடை. சிக்கல் இரண்டு: கலங்கரை விளக்கத்தின் சுழலும் ஒளிக்கற்றை, துறைமுக விளக்குகள். பாறை மறைவில், கலங்கரை விளக்கம் கண்ணில் படாதபடி இறங்கி நின்றால் முதல் சிக்கல் தீரும். சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் ஆகிய நான்கு மீன்பிடித் துறைமுகங்களிலும் உயர்கோபுர விளக்கு விடிய விடிய எரியும். அவற்றிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டராவது தள்ளி இருங்கள்.

தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்கே போகப் போக வடமேற்கில் திருவனந்தபுரமும் விழிஞ்ஞம் துறைமுகமும் வானை வெளுக்கின்றன. தெற்கைப் பார்ப்பவருக்குக் கேடில்லை; மேற்கில் மறையும் மங்கலான பொருள்களைத் தேடுபவருக்குக் கேடு.

மலையோரத்தில் எங்கே போகலாம்?

பேச்சிப்பாறை, பெருஞ்சாணி நீர்த்தேக்கங்களின் சுற்றுப்புறம். ரப்பர் தோட்டத்துக்குள் நின்றால் வானம் ஒரு கீற்றாகத்தான் தெரியும்; நீர்ப்பரப்பை ஒட்டிய திறந்த வெளியில்தான் வானம் விரியும். வடக்கும் கிழக்கும் மலையும் காடும், விளக்கு மிகக் குறைவு. குலசேகரம், மார்த்தாண்டம், தக்கலை எல்லாம் தெற்கு, மேற்குப் பக்கங்களில். ஆகவே தாழ்ந்த தெற்கு இங்கே வீண். உச்சியும் வடக்கும் நன்றாக இருக்கும். டிசம்பர் நடுவில் இரவு ஏழரைக்கு ஆண்ட்ரோமீடா விண்மீன்திரள் (கேலக்ஸி) வடக்கே 57 டிகிரி உயரத்தில் நிற்கும். அதை வெறுங்கண்ணால் பார்க்க மாவட்டத்தில் இதைவிட ஏற்ற பக்கம் இல்லை. கார்த்திகைக் கூட்டமும் மிருகசீரிடம், திருவாதிரையும் ஜனவரியில் கிட்டத்தட்ட உச்சிக்கு வரும்.

ரப்பர் மரங்கள் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் இலை உதிர்க்கும். அப்போது தோட்டத்து விளிம்பில் நின்றாலும் வானம் கூடுதலாகத் திறக்கும். விடியலுக்கு முன் பால்வெட்டுத் தொழிலாளர்கள் தலைவிளக்கோடு வருவார்கள். அது அவர்கள் வேலை நேரம். கேமராவைத் தோட்டத்துப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் குறைப்பட வேண்டாம்.

அணையின் மேல் இரவில் அனுமதி இல்லை. கீரிப்பாறை, காளிகேசம், கோதையாறு போன்ற காட்டுப் பகுதிகள் வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ளவை. யானை நடமாட்டம் உண்டு. இருட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அனுமதியின்றி இரவில் அங்கே போகாதீர்கள். தோட்டத்துக்குள்ளோ தோட்ட விளிம்பிலோ தெரிந்தவர் வீட்டு மொட்டைமாடி கிடைத்தால் அதுவே மிகச் சிறந்த ஏற்பாடு.

தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம்?

தென்மேற்குப் பருவமழையில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் நனையும்போது இங்கே மேகத்தில் இடைவெளி விழும். பொய்கை அணைச் சுற்றுப்புறம் திறந்த நிலம். ஆனால் அந்த மாதங்களில் கணவாய்க் காற்று ட்ரைபாடையே சாய்த்துவிடும். முப்பந்தலில் காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? அப்போது வெறுங்கண், பைனாகுலர் மட்டும் போதும், மண்ணில் பாய் விரித்துப் படுத்துப் பாருங்கள். தென்மேற்கில் நாகர்கோவில் வெளிச்சம் தெரியும். நான்குவழிச் சாலை வண்டி விளக்கு நேராகப் படாத இடமாகப் பார்த்து உட்காருங்கள்.

ஒளி மாசு வரைபடத்தில் பச்சையாக இருக்கும் இடத்துக்கு நேரே போய்விடலாமா?

வரைபடம் தொடக்கத்துக்கு மட்டும். அதில் மூன்று குறைகள்.

செயற்கைக்கோள் மேலிருந்து தரையின் வெளிச்சத்தை அளக்கிறது. நீங்கள் கீழிருந்து பார்க்கும்போது எந்தத் திசை வெளுத்திருக்கும் என்று அது சொல்லாது. வட்டக்கோட்டை இதற்கு உதாரணம்.

இரண்டாவது, இந்த வரைபடங்களுக்குப் பலரும் பயன்படுத்தும் வியர்ஸ் என்ற செயற்கைக்கோள் கருவி நீல ஒளியை உணராது. மஞ்சள் சோடியம் விளக்கைக் கழற்றிவிட்டு வெள்ளை எல்இடி மாட்டினால் வரைபடத்தில் ஊர் இருண்டதுபோலக்கூடக் காட்டும். நிஜத்தில் நீல ஒளி வானில் அதிகம் சிதறும். கண்ணுக்கு வானம் மோசமாகியிருக்கும்.

மூன்றாவது, புதிதாகப் போட்ட ஒரே ஒரு தெருவிளக்கு. வரைபடத்தில் அது தெரியாது. உங்கள் கண்ணில் நேராகப் படும். பகலில் ஒருமுறை போய், காம்பஸ் வைத்துத் திசை பார்த்து, விளக்குக் கம்பங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஓர் இரவு பத்து நிமிடம் மட்டும் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

எவ்வளவு தூரம் விலகினால் போதும்?

நகரத்தின் வெளிச்சம் வானில் குறையும் வேகத்துக்கு வாக்கர் விதி என்று ஒன்று உண்டு: தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறையும். நாகர்கோவிலிலிருந்து 5 கிலோமீட்டரில் நிற்பவர் 10 கிலோமீட்டருக்குப் போனால் வித்தியாசம் பெரிது. 20 கிலோமீட்டருக்குப் போவதற்குள் அடுத்த ஊரின் வெளிச்சம் சேர்ந்துவிடும். இங்கே வண்டியை மேலும் மேலும் ஓட்டுவதில் பலன் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

போன இடம் எவ்வளவு இருட்டு என்று கருவி இல்லாமல் அளப்பது எப்படி?

ஜான் போர்ட்டில் 2001-இல் வகுத்த ஒன்பது படி அளவுகோல் உலகெங்கும் பயன்படுகிறது. ஒன்று மிக இருட்டு, ஒன்பது நகர நடு. ஒன்று, இரண்டாம் படிகளை இந்த மாவட்டத்தில் தேட வேண்டாம். அப்படிப்பட்ட வானத்துக்கு லடாக்கின் ஹான்லே போல எங்காவது போக வேண்டும்.

கையோடு செய்யக்கூடிய சோதனைகள்: கார்த்திகையில் ஆறு நட்சத்திரம் தெளிவாக எண்ண முடிந்தால் 4.3 ஒளியளவு வரை தெரிகிறது என்று பொருள் (இந்த எண் கூடக் கூட நட்சத்திரம் மங்கல்). அதற்கு மேல் ஏழு, எட்டு என்று எண்ணினால் 5-ஐத் தாண்டிவிட்டீர்கள். தெற்கு வானத்துக்குத் திரிசங்குவே அளவுகோல். சிலுவையின் நான்கு நட்சத்திரங்களோடு, வலப்பக்கம் கீழே ஒட்டிய ஐந்தாவது, 3.6 ஒளியளவு நட்சத்திரமும் தெரிந்தால் கடல் மூட்டம் குறைவு. சிலுவைக்கு அருகே கரிமூட்டை எனப்படும் கருந்திட்டும் தெரிந்தால் அந்த இரவை வீணாக்காதீர்கள்.

எந்த மாதம், எந்த நாள்?

டிசம்பர் நடு முதல் மார்ச் வரை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு மழையும் வாங்கும் மாவட்டம் இது. இடையில் கிடைக்கும் தெளிவான இரவுகளைத்தான் பயன்படுத்த வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் மாலையில் மலைப்பக்கம் இடிமேகம் திரளும். நள்ளிரவுக்குப் பின் வானம் கழுவித் துடைத்ததுபோல் தெளியும் இரவுகளும் அப்போதுதான் வரும்.

நிலவுக்குத் தினசரி காலண்டரில் உள்ள திதி போதும். அமாவாசைக்கு முன்னும் பின்னும் நான்கு நாள் தாராளம். தேய்பிறை அஷ்டமிக்குப் பின் நள்ளிரவு வரை நிலவில்லை. வளர்பிறை அஷ்டமிக்கு முன் நள்ளிரவுக்குப் பின் நிலவில்லை. சூரியன் மறைந்து சுமார் 70 நிமிடம் கழித்துத்தான் முழு இருட்டு. ஜனவரியில் ஏழரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மனிதர் போடும் விளக்குக்கும் காலண்டர் உண்டு. டிசம்பர் கடைசியில் கடப்புற ஊர்களில் வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கும். வானத்து நட்சத்திரம் அந்தப் போட்டியில் தோற்றுவிடும். ஜனவரி முதல் வாரம் கழிந்து போங்கள். மாசியில் மண்டைக்காட்டுக் கொடை நாட்களில் அந்தச் சுற்றுவட்டாரத்தை விட்டுவிடுங்கள். பங்குத் திருவிழாவுக்கு ஊர்தோறும் நாள் வேறு. டீக்கடையில் கேட்டால் சொல்வார்கள்.

பால்வீதியின் நடுப்பகுதி எப்போது?

பிப்ரவரி நடுவில் அதிகாலை நான்கு மணிக்குத் தென்கிழக்கில் பார்க்கும் உயரத்துக்கு வந்துவிடும். ஐந்தேகால், ஐந்தரைக்குள் வானம் வெளுக்கத் தொடங்கும். மார்ச் நடுவில் இரண்டு மணி, ஏப்ரல் நடுவில் நள்ளிரவு தாண்டி. பின்னர் அது 53 டிகிரி உயரம் வரை ஏறுவதால் மலையோரத்திலும் தெரியும். ஜூன், ஜூலையில் இரவு முழுக்க இருக்கும், ஆனால் மேகம் விடாது. ஆகவே நமக்குப் பால்வீதிக் காலம் என்பது தூக்கம் கெடும் காலம்.

விடியலுக்கு முன் கிழக்கே கூம்பு வடிவில் மங்கலான வெளிச்சம் தெரிகிறது. அது எந்த ஊர்?

ஊராக இல்லாமலும் இருக்கலாம். சூரியனைச் சுற்றியுள்ள தூசியில் பட்டுச் சிதறும் ராசிமண்டல ஒளி அது. ஊர் வெளிச்சம் தொடுவானத்தை ஒட்டி அகலமாகத் தாழ்ந்து கிடக்கும், இரவு முழுக்க அதே இடத்தில் நிற்கும். ராசிமண்டல ஒளி சரிந்த கூம்பாக மேலே ஏறும், விடியல் வெளுக்கும்போது கரையும். பிப்ரவரி, மார்ச்சில் மாலை முழு இருட்டான உடன் மேற்குக் கடல் மேலும் தேடலாம்.

கண் இருட்டுக்குப் பழக எவ்வளவு நேரம் ஆகும்?

20 முதல் 30 நிமிடம். ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தியைத் திறந்தால் மீண்டும் முதலிலிருந்து. டார்ச் முகத்தில் சிவப்பு செலோபேன் தாளை மூன்று நான்கு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். ஒரு மடிப்பு போதாது, வெள்ளை கசியும். காரில் கதவு திறந்தால் எரியும் உள்விளக்கை முன்பே அணைத்து வையுங்கள். கூட்டமாகப் போனால் இரவைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த விளக்குதான்.

ஜனவரி முதல் மார்ச் வரை கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். வெள்ளை விளக்கு அவற்றையும் குஞ்சுகளையும் திசைதிருப்பும். சிவப்பு விளக்கையும் மங்கலாக, கீழ்நோக்கிப் பிடியுங்கள்.

கடற்கரையில் இரவில் இருப்பது பாதுகாப்பா?

காற்றே இல்லாத நாளில், அமைதியாகத் தோன்றும் கடலில், பெரிய அலை ஏறி வருவதைக் கள்ளக்கடல் என்பார்கள். தொலைவில், தெற்கு இந்தியப் பெருங்கடலில் வீசிய புயலால் கிளம்பிய அலை அது. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் அலையில் சிக்கி ஐந்து பேர் இறந்தார்கள். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் இதற்கு முன்னெச்சரிக்கை விடுகிறது. கிளம்பும் நாளில் பார்த்துவிட்டு, எச்சரிக்கை இருந்தால் மலையோரத்துக்குத் திட்டத்தை மாற்றுங்கள். மற்ற நாட்களிலும் ஈரமணலுக்கு மேலே, உலர்ந்த மேட்டில்தான் பாய். முட்டம் பாறைகளில் பாசி பிடித்த கீழ்ப்படிகளுக்கு இறங்க வேண்டாம்.

கடலோரக் காவல் ரோந்து வரும். ட்ரைபாடும் நீண்ட குழாயும் வைத்துக்கொண்டு நள்ளிரவில் கடலைப் பார்த்து நிற்பவரை அவர்கள் விசாரிக்காமல் போனால்தான் தவறு. முன்கூட்டியே அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு, அடையாள அட்டை வைத்திருங்கள். ஊர்க்காரர் கேட்டால் பைனாகுலரை நீட்டுங்கள். பெரும்பாலும் அதோடு கேள்வி முடியும். பச்சை லேசரை வெளியே எடுக்காதீர்கள். திருவனந்தபுரம் போகும் விமானங்களும் கடலில் வள்ளங்களும் உண்டு.

தொலைநோக்கியின் ஈக்வடோரியல் தாங்கி இங்கே சரிப்படவில்லையே?

இந்தத் தாங்கியின் அச்சைத் துருவத்தை நோக்கிச் சீரமைத்தால்தான் அது வானச் சுழற்சியோடு சேர்ந்து திரும்பும். துருவ நட்சத்திரம் இங்கே வெறும் 8 டிகிரி உயரம்; மலையோரத்தில் மலைக்குப் பின்னால், கடப்புறத்தில் மூட்டத்துக்குள். துருவக் குறிநோக்கியை நம்ப முடியாது. டிரிஃப்ட் முறையிலோ (நட்சத்திரம் விலகி நகர்வதைப் பார்த்துத் திருத்துவது), கேமராவும் மென்பொருளும் கொண்டோ சீரமைக்க வேண்டும். பல தாங்கிகளின் அட்சரேகைத் திருகு 8 டிகிரி வரை இறங்காது. வாங்கும் முன் இதைக் கேளுங்கள். இறங்கினாலும் எதிர்எடை வடக்குக் காலில் இடிக்கும். ட்ரைபாடைத் திருப்பி, ஒரு கால் தெற்கே, மற்ற இரண்டின் இடைவெளி வடக்கே வருமாறு வையுங்கள். எடை இடைவெளியில் சுழலும். படம் எடுக்காதவருக்குக் கையால் தள்ளித் திருப்பும் டாப்சோனியன் தொலைநோக்கி போதும், இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

கேமரா அமைப்பு?

24 மிமீ லென்ஸ், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, 15 வினாடி என்று தொடங்குங்கள். திரிசங்குப் பகுதி துருவத்துக்கு அருகில் இருப்பதால் நட்சத்திரம் அங்கே பாதி வேகத்தில்தான் நகரும். 25, 30 வினாடி வரை கோடு விழாது. கானோப்பஸை லைவ் வியூவில் பெரிதாக்கி ஃபோகஸ் செய்யுங்கள்.

மலையோரத்தில் ஜனவரி, பிப்ரவரி பனியில் லென்ஸ் மங்கும். யுஎஸ்பி சூடேற்றும் பட்டையை மங்குவதற்கு முன்பே சுற்றுங்கள். கடப்புறத்தில் பனியைவிட உப்பு பெரிது. வீட்டுக்கு வந்ததும் உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புப்பொடி கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதுபந்தால் ஊதி, மைக்ரோஃபைபர் துணியில் லென்ஸ் திரவம் இரண்டு சொட்டு விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்தாமல் துடையுங்கள். ட்ரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் அலசி, மடக்காமல் காயவிடுங்கள். மணலோடு மடக்கினால் பூட்டு அடுத்த முறை இறுகாது.